மஞ்சள் தண்ணீர் பற்றவைத்த தீ

பேராசிரியரே, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

தெரியாமல் சொல்லியிருந்தால் பிழை என்று விட்டிருப்பேன். நீங்கள் தெரிந்தே சொன்னீர்கள்.

போன வாரம் இந்தத் தொடரில் கல்லூரி விடுதிச் சமையல்காரர்கள் வேலைநிறுத்தக் கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது கிடக்கட்டும். அதே வாரம் இதே பத்திரிகையில் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை.

பழங்காநத்தம் பக்கம் ஒரு சாயப்பட்டறை ஒரு தொழிலாளியின் பீடியால் எரிந்ததாம். படிப்பறிவு இல்லாத அந்த மக்களுக்கு நீங்கள் நேரில் போய் அறிவியல் விளக்கம் கொடுத்தீர்களாம். அந்தத் தொழிலாளிக்குப் பெயர் இருக்கிறது. முத்திருளன். என் அக்காள் வீட்டுக்காரர். உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

பொரித் தட்டோடு நின்றவர்

ஆயுத பூஜை அன்று. வருஷம் சரியாக நினைவில்லை. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லூரியில் வேதியியல் லேப் அட்டெண்டர் வேலை. அன்றைக்கு விடுமுறை. அக்காளும் மச்சானும் கூப்பிட்டார்கள் என்று பட்டறைக்குப் போயிருந்தேன்.

வருஷம் முழுக்க சிவப்பும் நீலமுமாக ஓடுகிற பட்டறை வாய்க்காலில் அன்று ஒரு நாள் மட்டும் நல்ல தண்ணீர் ஓடும். தொட்டிகளைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். கொதிகலனுக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம், நூல் பிழிகிற கம்புக்குக்கூடச் சந்தனம். வாசலில் சூடம் காட்டி முடித்து, அதை அங்கேயே அணைத்துவிட்டுத்தான் முதலாளி உள்ளே வந்தார். இது முக்கியம். பின்கட்டுக்கு நெருப்பு போகவே இல்லை.

பின்கட்டில் ஸ்டோர் ரூம். காஸ்டிக் சோடா டிரம், சாயப் பொடி டப்பாக்கள், பாதி தீர்ந்த ஹைட்ரோஸ் டிரம் ஒன்று. ஹைட்ரோஸ் என்பது வெள்ளைப் பொடி. சாயத் தொட்டியில் போடுவார்கள். திறந்தாலே மூக்கை அறுக்கும். மேலே பரணில் தீபாவளிக்குப் போகவேண்டிய நூல் கட்டுகள்.

"மூடியெல்லாம் தொறங்கப்பா. மூடிக்கெடந்தா மகாலட்சுமி எப்படி உள்ள வருவா?" என்றார் முதலாளி.

மச்சான் தயங்கினார். "ஹைட்ரோசுல ஈரம் பட்டா கட்டி தட்டிப் போகும் மொதலாளி."

"சாமி தண்ணிப்பா. ஒண்ணும் ஆகாது. தொற."

திறந்தார். முதலாளி செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரில் மாவிலைக் கொத்தை முக்கி, ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் மூன்று முறை தெளித்தார். பக்கத்தில் கையில் பொரித் தட்டோடு நின்றது யார்? முதலாளியின் பள்ளிக்கூடச் சிநேகிதர், சிறப்பு விருந்தினர், எங்கள் துறைத் தலைவர். நீங்கள்தான்.

ஹைட்ரோஸ் டிரம்முக்கு அவர் வந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டே, "லேசாத் தெளிப்பா, போதும்" என்றீர்கள். சிநேகிதர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

மூடிகளை அடித்து மூடினார்கள். மூடி மேலே ஒரு பொட்டு. மச்சான் கடைசி ஆளாக வந்து ஸ்டோரைப் பூட்டினார். எதிரே டீக்கடைக்குப் போய் ஒரு பீடி பற்றவைத்தார். அவர் பீடி குடிக்காத நாள் உண்டா? அதை நான் மறைக்கப் போவதில்லை.

மூன்று மணி வாக்கில் நாற்றம் வந்தது. ஒரு பெட்டித் தீக்குச்சியை மொத்தமாக உரசினால் எப்படி இருக்கும், அந்த நாற்றம். ஜன்னல் வழியே மஞ்சளாகப் புகை. பூட்டை உடைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். டிரம் சீறியது. ஊற்ற ஊற்றப் புகை கூடியது. நூலில் தீ ஏறிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து குழாயால் ஸ்டோரையே மூழ்கடித்த பிறகுதான் அடங்கியது.

இருமிக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே யோசனை. கொஞ்சம் தண்ணீர் தீயை வளர்த்தது. நிறையத் தண்ணீர் அதே தீயைக் கொன்றது. இது என்ன கணக்கு?

மற்றவர்களுக்கு அந்த யோசனை வரவில்லை. ஸ்டோரைக் கடைசியாகப் பூட்டியது யார் என்று கேட்டார்கள். அவர் கையில் பீடிக்கட்டு இருந்தது. முடிந்தது கதை.

என் கைதான் தெர்மாமீட்டர்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் லேபில் சேர்ந்தது எழுபதுகளில். கருமாத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. மழை ஏமாற்றியதால் டவுனுக்கு வந்தேன். எட்டாவது வரை படிப்பு. பீக்கர் கழுவுவது, புட்டியில் தண்ணீர் நிரப்புவது, உடைந்ததை எழுதிவைப்பது என் வேலை.

சேர்ந்த வாரமே ஒரு பீக்கரை எடுத்துக் கை சுட்டுக்கொண்டேன். அடுப்பில் வைக்கவே இல்லை. மாணவன் ஒருவன் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டுக் கலக்கியிருந்தான், அவ்வளவுதான். அதே மேஜையில் இன்னொரு பீக்கர். அதில் நவச்சாரம் கரைத்திருந்தது. அது மண்பானைத் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது. கண்ணாடிக்கு வெளியே வியர்வை மாதிரி நீர் கோத்திருந்தது.

ரெண்டும் வெள்ளை உப்பு. ரெண்டும் ஒரே குழாய்த் தண்ணீர். ஒன்று ஏன் சுடுகிறது, ஒன்று ஏன் குளிர்கிறது?

உங்களிடம்தான் கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா, கழுவி வை" என்றீர்கள். கழுவி வைத்தேன். ஆனால் அன்று முதல் எந்த பீக்கரையும் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் நான் கழுவியதில்லை. பத்து வருஷத்தில் எது சுடும், எது குளிரும், எது சும்மா கிடக்கும் என்று பட்டியலே எனக்கு மனப்பாடம். காரணம்தான் தெரியாது.

அக்காள் வேலை செய்த பட்டறையிலும் இதே வேடிக்கைதான். காஸ்டிக் கரைத்த வாளியில் கை வைக்க முடியாது. "அடுப்பில்லாம வெந்நீர் வைக்கிற ஊரு இதுதான்டா" என்பாள் அக்காள்.

நீலச் சாயத் தொட்டி இன்னும் பெரிய வேடிக்கை. உள்ளே முக்கின நூல் மஞ்சளும் பச்சையுமாக, வாடின வாழையிலை மாதிரி இருக்கும். தூக்கிக் காற்றில் உதறினால் கண்ணெதிரே நீலமாகும். ஒரு மதியம் சோறு தின்னாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மச்சான் கத்தினார்: "மாப்ள, இம்புட்டு நேரம் பொண்டாட்டியப் பாத்திருந்தா இன்னொரு புள்ள பொறந்திருக்கும்!"

லூர்து மேடம் தந்த காந்தம்

விஜயதசமி லீவு முடிந்ததும் லேபில் லூர்து மேடத்தைப் பிடித்தேன். டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"மேடம், தண்ணி பட்டாத் தீப்பிடிக்குமா?"

"எதுல பட்டா?"

"ஹைட்ரோசுல."

அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார். "பிடிக்கும்ணே. நம்ம ஸ்டோர்லயே அதைத் தனியா, காஞ்ச எடத்துல வச்சிருக்கோமே, பாத்ததில்லையா?"

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் புரியவில்லை. "வகுப்புல சொல்றதைக் கேட்டிருக்கேன். பிணைப்பு உடையறப்ப உள்ள இருக்கிற சக்தி வெளிய வருதுன்னு. அதானா? பட்டாசு மாதிரி?"

"தப்புண்ணே. வகுப்புல அப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க." சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து லேபிலிருந்து ரெண்டு காந்தம் வாங்கிவரச் சொன்னார். ஒட்டிக்கொண்டிருந்த அதைப் பிரிக்கச் சொன்னார். மூச்சைப் பிடித்து இழுத்துப் பிரித்தேன்.

"இப்ப கிட்டக் கொண்டுபோங்க."

டப்பென்று ஒட்டியது. என் சுண்டுவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிரிக்கிறப்ப யாரு செலவு பண்ணா?"

"நான்தான்."

"சேர்றப்ப அடி விழுந்ததே, அது எங்க இருந்து வந்துச்சு?"

விரலைச் சூப்பிக்கொண்டே யோசித்தேன். சேர்ந்ததிலிருந்துதான் வந்தது. பத்து வருஷமாக நான் தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிணைப்பை உடைக்க நாம் கொடுக்க வேண்டும். புதுப் பிணைப்பு சேரும்போதுதான் சூடு வெளியே வரும். எது கூடுதலோ அதன்படி பீக்கர் சுடும் அல்லது குளிரும். நவச்சாரத்தைப் பிரிக்க ஆகிற செலவு, தண்ணீர் அதைச் சேர்த்துக்கொள்ளும்போது வருகிற சூட்டைவிட அதிகம். குறைகிற சூட்டைத் தண்ணீரிடமிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. அதனால் சில்லிப்பு.

"ஹைட்ரோசுக்கு ஆக்ஸிஜன் மேல வெறி. சாயத் தொட்டியில அதுக்கு அதான் வேலையே. அங்க உள்ள ஆக்ஸிஜனைப் பிடுங்கிரும். நூலை வெளிய எடுத்தா காத்துல உள்ள ஆக்ஸிஜன் சேர்ந்து நீலமாகுது. டிரம்முக்குள்ளயும் அது அதே பொடிதானே? நாலு சொட்டு ஈரம் பட்டா செதைய ஆரம்பிக்கும். காத்தோட சேரும். சூடு வரும். மூடி வச்சிருந்தா அந்தச் சூடு எங்க போகும்?"

"அப்ப நெறையத் தண்ணி ஊத்தினா?"

"சூட்டைத் தண்ணி தூக்கிட்டுப் போயிரும். அணைஞ்சிரும்."

கொஞ்சம் வளர்த்தது, நிறைய கொன்றது. அந்தக் கணக்கு தீர்ந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் பறந்தேன்.

சர்பத்

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை முற்றத்தில் கூட்டம். தீபாவளிக்கு இருபது நாள்கூட இல்லை. வேலை போன குடும்பங்கள் எல்லாம் நின்றன. மச்சானோடு சேர்ந்து சாயம் முக்கினவர்களே அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஒரு பெண் அக்காளைப் பார்த்து, "ஒம்புருசன் ஊதுன ஊதலுக்கு எம்புள்ளைக்குத் துணி இல்ல" என்றாள்.

முதலாளி உங்களை அழைத்து வந்திருந்தார். உங்களுக்கு நாற்காலி போட்டார்கள்.

நான் முன்னால் வந்து சொன்னேன்: மஞ்சள் தண்ணீர் பட்டுத்தான் ஹைட்ரோஸ் எரிந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

கூட்டம் சலசலத்தது. "சாமி தண்ணி தீப்பிடிக்குமாடா? வாயக் கழுவு!" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

முதலாளி உங்களைப் பார்த்தார். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "தண்ணி தீயை அணைக்குமா, பத்த வைக்குமா? ஆறாம் வகுப்புப் பையனைக் கேட்டாச் சொல்வான்."

ஒரே சிரிப்பு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்துப் பட்டறையில் ரெண்டு கரண்டி ஹைட்ரோஸ் வாங்கி, ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பி, எல்லோர் முன்னாலும் தண்ணீர் தெளித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் கொஞ்சம் நெடி. தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. அவ்வளவுதான். மேலும் தெளித்தேன். கரைந்து கூழாகிவிட்டது.

"அண்ணே, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்குங்க. சர்பத்தாவது வரும்!" என்று எவனோ கத்தினான்.

நீங்களும் சிரித்தீர்கள். ஏன் எரியவில்லை என்று அந்த முற்றத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

அன்று மதியமே மச்சான் கையெழுத்துப் போட்டார். 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போக மாட்டேன் என்றார் முதலாளி. என் சர்பத்தைப் பார்த்த பிறகு மச்சானுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பீடிப் பொறி எதுவும் என் சட்டையில ஒட்டியிருந்திருக்குமோ மாப்ள?" என்று கேட்டார். பூட்டிய பிறகுதான் பற்றவைத்தார். அதுவே அவருக்கு மறந்துபோயிற்று. அவர்மேல் அவருக்கே நம்பிக்கை போனது என்னால். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

குப்பையில்தானே ஆவி வரும்

ஏன் எரியவில்லை? கேட்கலாம் என்றால் லூர்து மேடம் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அக்காள்தான் சொன்னாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். துணியை அலசிக்கொண்டே, எரிச்சலோடு சொன்னாள்:

"ஒரு கை சாணியத் தட்டுல வச்சா ஆவி வருமாடா? குப்பைமேட்டுல தானே வரும்? நடுவுல கைய விட்டுப் பாரு, எம்புட்டுச் சூடு! நீ தட்டுல பரப்பி வச்சுக்கிட்டு விசிறிக்கிட்டு நின்ன."

தட்டில் பரப்பிய பொடியின் சூடு அப்போதைக்கப்போதே காற்றில் போய்விட்டது. டிரம்மில் குவிந்து கிடந்த பொடியில் சூடு தங்கியது. தங்கிய சூடு அடுத்த பொடியை அவசரப்படுத்தியது. அது இன்னும் சூட்டைக் கொடுத்தது. வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லித்தராததை அக்காள் குப்பைமேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் சாயக்கடையில் ஹைட்ரோஸ் வாங்கினேன். பழைய எண்ணெய் டின்னைக் காயவைத்து அதில் நிரப்பினேன். சுற்றிலும் சாக்கு. அவனியாபுரம் போகிற வழியில் ஆள் இல்லாத பொட்டலில் வைத்து, முதலாளி செய்த மாதிரியே மாவிலையால் மூன்று முறை தெளித்தேன். மூடியைச் சாத்திவிட்டு நானும் அக்காளும் மச்சானும் தள்ளி, காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்தோம்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. "வா மாப்ள, போவோம்" என்று மச்சான் எழுந்தார்.

அப்போது அந்தத் தீக்குச்சி நாற்றம் வந்தது. மூடி இடுக்கில் நூல் மாதிரி ஒரு புகை. அது தடித்தது. மஞ்சளானது. டின் உறுமியது. சாக்கின் ஓரம் கறுத்து, சுருண்டு, பற்றிக்கொண்டது.

அக்காள் மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாருங்க! பாருங்க! நீங்க இல்ல!"

மச்சான் அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இத ஞாயித்துக்கிழமையே செஞ்சிருக்கலாம்ல மாப்ள" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நீங்கள் சொன்ன பதில்

கருகிய டின்னைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். நானும் மச்சானும். வாசலோடு நிறுத்தினீர்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

டின்னைப் பார்த்தீர்கள். உள்ளே ஒட்டியிருந்த பழுப்பை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்:

"எல்லாம் தெரியும்ப்பா. தெரிஞ்சதையெல்லாம் சொல்லிட முடியுமா? பூஜைத் தண்ணியால தீன்னு சொன்னா ஊர் என்னைச் சும்மா விடுமா? அவனும் என் சிநேகிதன். கோர்ட்டா, கேஸா? ஒரு பீடி. போயிட்டுப் போகுது."

மச்சான் கைகட்டி நின்றார். "ஐயா, போறது என் பேருங்கய்யா" என்றார்.

நீங்கள் கதவைச் சாத்தினீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை என்னை லேபிலிருந்து எடுத்து சைக்கிள் ஸ்டாண்டில் போட்டீர்கள். அங்கேதான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். இந்தத் தொடரில் சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி வேடிக்கையாக எழுதினேன். அங்கே எப்படிப் போனேன் என்று எழுதவில்லை. பென்ஷன் வாங்கும் வரை பயம். பிறகு பழகிப்போன பயம். கோழைத்தனம்தான், வேறு பெயர் வேண்டாம்.

முதலாளி காலமாகிவிட்டார். அவரை நான் குறைசொல்ல வரவில்லை. தொழில் நன்றாக நடக்க வேண்டும் என்று தெளித்தார். அவருக்குத் தெரியாது.

மச்சானை எந்தச் சாயப்பட்டறையும் சேர்க்கவில்லை. 'தீ வச்ச ஆளு' என்றார்கள். மேலூர்ப் பக்கம் கல் குவாரிக்குப் போனார். நூலை உதறி நிறம் பார்த்துச் சொல்கிற கண் அது. அந்தக் கண்ணில் வருஷக்கணக்காகக் கல் தூசி. சின்ன எழுத்து இனி அதற்குத் தெரியாது. இப்போது எண்பதைத் தொடப்போகிறார். உங்கள் கட்டுரையை அவருக்கு அவர் பேரன் படித்துக் காட்டியிருக்கிறான், அது தாத்தா கதை என்று தெரியாமலே. கேட்டுவிட்டு மச்சான் எனக்குப் போன் செய்தார். "மாப்ள, இன்னமுமா சொல்றாக?" என்றார்.

பேராசிரியரே, என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். எனக்குக் கடிதம் போட வேண்டாம். என்னை வீட்டுக்கு அழைத்துக் காபி கொடுக்க வேண்டாம்.

அந்த டிரம்மில் தண்ணீர் விழுந்ததை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா? அது எரியும் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? முத்திருளன் தீ வைத்தாரா, இல்லையா?

மூன்று கேள்விக்கும் இதே பத்திரிகையில், உங்கள் பெயர் போட்டு, பதில் எழுதுங்கள். அது வரும்போது கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடிக்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். யாரும் படித்துக் காட்டாமல் மச்சானே படிக்க வேண்டும்.